பால் கவர் மிதக்கும்

சௌகத் அலி மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். அதனால் என்ன குறைந்துவிட்டது? பள்ளிக்கரணைச் சாலையோரம் தன் கையால் கொட்டகை போட்டு உண்டாக்கிய காயலான் கடையில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் பிளாஸ்டிக்கில் எது என்ன ரகம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கசக்கினால் வரும் சத்தம் போதும். கொளுத்தினால் பால் கவர் மெழுகுவர்த்தி வாசனை வீசும், குழாய்த்துண்டு மூக்கை எரிக்கும். அதிலும் சந்தேகம் என்றால் தண்ணீர் டிரம்மில் போடுவார். நல்ல பால் கவர் மிதக்கும். சுண்ணாம்புத் தூள் கலந்த மட்டக் கவர் அடியில் போய் உட்காரும். படித்தவன் எவனுக்கு இந்த வித்தை வரும்? இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு மூட்டைகூட அவரை ஏமாற்றியதில்லை. மனுஷர்கள் விஷயம் வேறு.

கடைக்குப் பின்னால் ஒரு குழி. பால் கவர் கழுவிய தண்ணீர் அதில்தான் போய்த் தேங்கும். புளித்த நெடி, மேலே பச்சைப் பாசி. ஒருநாள் அதில் விழுந்து கிடந்த பழைய கவர்களைக் கம்பியால் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். பூச்சி அரித்த பட்டுப்புடவைபோல் கவரெல்லாம் பொத்தல்.

"பஷீரா, இந்தக் குழி கவர தின்னுது" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"அது கவர தின்னுது, அதுல கீற கொசு நம்மள தின்னுது" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

சுனாமி வந்த வருஷம், ஆடி மாதம், ஹேமநாத் வந்தார். தாம்பரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். பிளாஸ்டிக்கைத் தின்னும் பாக்டீரியா மண்ணில் எங்கேயாவது இருக்கும் என்று குப்பைமேடு குப்பைமேடாகப் புட்டியும் கையுமாக அலைந்துகொண்டிருந்தார். சௌகத் அலி பொத்தல் கவரை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியதும் மனிதர் அதைப் பறிக்காத குறையாக வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"நாங்க மெஷின் வச்சுத் தேடறத நீங்க கம்பியால தூக்கிட்டீங்களே பாய்."

"மெஷினுக்கு மூக்கு கீதா சார்?"

நான்கு புட்டிகளில் சேற்றை நிரப்பிக்கொண்டார் ஹேமநாத். "இந்தக் குழிய மட்டும் மூடிடாதீங்க. இதுல இருக்கற கிருமி வேற எங்கயும் கிடைக்காம போகலாம். ஒருநாள் மேடை போட்டு உங்க பேரச் சொல்லுவேன்."

அந்த வார்த்தையை சௌகத் அலி டீக்கடையில் சொன்னார், முடிவெட்டும் இடத்தில் சொன்னார், ஜும்மா தொழுகை முடிந்து செருப்பு மாட்டும்போதும் சொன்னார். குழி பாய் என்று பெயரே வந்துவிட்டது. அதற்கும் அவருக்குப் பெருமைதான்.

இரண்டு வருஷம் ஓடியது. சிக்குன்குனியா வீட்டுக்கு வீடு ஆளை முடக்கியது. தேங்கிய தண்ணீரையெல்லாம் மூடச் சொல்லி பேரூராட்சி ஆட்கள் வந்தார்கள். எதிர்வீட்டு ஜோதிலட்சுமி முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"பாய், எனக்கு முட்டி மடங்க மாட்டேங்குது. ஒங்க குழி மட்டும் ஒசத்தியா?"

"ஒரே மாசம் பொறுத்துக்கம்மா. காலேஜ்ல விழா வச்சுகீறாங்க. அது முடிஞ்சதும் அவங்களே வந்து குழிமேல வலை போட்ருவாங்க. நம்ம ஏரியாவுக்கே பேரு. என் வார்த்தைய நம்பு."

நம்பினாள். நொண்டிக்கொண்டே போய், ஒரு மாதம் கழித்து வரச் சொல்லி ஆட்களைத் திருப்பி அனுப்பியதும் அவள்தான்.

விழா அன்று வெள்ளைச் சட்டை, அத்தர் சகிதம் மச்சினன் தௌசிப்பின் வண்டியில் போய் இறங்கினார். மண்டப வாசலில் கண்ணாடித் தொட்டி. 'பாக்டீரியா சிதைத்த பால் கவர்' என்று அட்டை வைத்திருந்தார்கள். சுற்றிலும் கூட்டம். சௌகத் அலி கூட்டத்தை விலக்கிக்கொண்டு குனிந்தார்.

துண்டுகள் எல்லாம் அடியில் கிடந்தன. ஒன்றுகூட மிதக்கவில்லை.

கையை விட்டு ஒரு துண்டை எடுத்தார். வராந்தா ஓரம் போய்த் துடைத்து, தீக்குச்சி கிழித்தார். விரலில் வெள்ளைச் சாம்பல் ஒட்டியது. சுண்ணாம்பு. போன வருஷம் படப்பையிலிருந்து தௌசிப் கொண்டுவந்து, அவர் வேண்டாம் என்று தள்ளிய மூட்டை இது.

"தௌசிப், இது நம்ம மூட்டை தான?"

தௌசிப் தலையைச் சொறிந்தான். "சார் கேட்டாரு மச்சான். தொட்டா உதுர்ற மாதிரி வேணும்னாரு. மாடில ஆறு மாசம் வெயில்ல போட்டுக் குடுத்தேன். ஒங்க பேரு மேடைல வரணும்னுதான்..."

ஹேமநாத் வேகமாக வந்தார்.

"நான் குடுத்த சேறு இன்னா ஆச்சு சார்?"

"முதல் மாசமே ஃபிரிட்ஜ் கெட்டுப்போய் எல்லாம் செத்துடுச்சு பாய். திரும்ப வந்து கேக்கக் கூச்சமா இருந்தது. அதுக்குள்ள மேல இருக்கறவங்க விழாத் தேதி குறிச்சுட்டாங்க. நிஜமான வேலைக்கு வருஷக்கணக்காகும். இன்னிக்கு மட்டும் ஒத்துழைங்க."

"ரெண்டு வருசமா ஊர் திட்ட வாங்கிகினு அந்தக் குழிய காவல் காத்தேனே சார். ஒரு வார்த்த சொல்லிருந்தா ஒரு லாரி சேறு அள்ளிப் போட்டிருப்பேனே."

ஹேமநாத் பதில் சொல்வதற்குள் மேடையில் சௌகத் அலி பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். இதே நிமிஷத்தைத்தான் சௌகத் அலி இரண்டு வருஷமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

"என் குழி பால் கவர தின்னும். அது சத்தியம்" என்றார். "ஆனா வாசல்ல கீறது பால் கவரே இல்ல. சுண்ணாம்பு போட்ட கவர். வெயில்ல காஞ்சு தானா உதுந்தது. பால் கவர் தண்ணில மிதக்கும். போய்ப் பாருங்க."

ஹேமநாத் சிரித்தபடி மைக்கை வாங்கிக்கொண்டார். "பாய் எப்பவுமே இப்படித்தான், தமாஷ் பேர்வழி."

எல்லோரும் சிரித்தார்கள். கையும் தட்டினார்கள். யாரும் எழுந்துபோய்த் தொட்டியைப் பார்க்கவில்லை.

பொன்னாடையை நாற்காலியில் போட்டுவிட்டு சௌகத் அலி வெளியே வந்தார். தௌசிப்பின் வண்டியில் ஏறவில்லை. பஸ் பிடித்து வந்து, நேரே ஜோதிலட்சுமி வீட்டு வாசலில் நின்றார்.

"குழிய மூடச் சொல்லிடும்மா."

"காலேஜ்காரங்க வலை போடுவாங்கன்னீங்களே பாய்?"

"சொன்னேன். நான் சொன்னது பொய்யாப் பூடுச்சு."

இருபத்தெட்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து அந்தத் தெரு கேட்டதில்லை. ஜோதிலட்சுமி அன்றைக்கே பேரூராட்சிக்கு ஆள் அனுப்பினாள்.

நான்காம் நாள் குழியை மூட டிராக்டரில் கட்டட இடிசல் வந்து இறங்கியது. அதற்கு முந்தின மதியம், கடையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, ஒரு பெயின்ட் டப்பா நிறைய அந்தச் சேற்றை அள்ளி, மேலே இரண்டு பொத்தல் கவரையும் போட்டு மூடினார். எங்கே கொண்டுபோய் வைத்தார் என்று பஷீராவுக்கும் தெரியாது.

டப்பா காணாமல் போனதையும் குழியோரம் சேறு சிந்திக் கிடந்ததையும் கவனித்த தௌசிப் மட்டும் அடிக்கடி கேட்பான்: "மச்சான், அந்தச் சேத்த எங்க வச்சீங்க?"

"எந்தச் சேறு?" என்று கேட்டுவிட்டு, ஊருக்கே தன் குழியைப் பற்றிப் பேசித் தீர்த்த சௌகத் அலி, கையிலிருக்கும் கவரைக் காதோரம் வைத்துக் கசக்கிப் பார்ப்பார்.