சறுக்குப் பழக்க ஆட்கள் தேவை

போன சனிக்கிழமை மத்தியானம், ஒரு மலையடிவாரத்தில், மூக்கு விறைக்க விறைக்க நின்றுகொண்டு நான் ஒரு நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். ஓகஸ்ட் மாதத்திலிருந்து எனக்குள் கிடந்த மூச்சு அது!

ஓகஸ்டா? அப்போது பனி எங்கே இருந்தது என்று கேட்பீர்கள். அங்கேதான் கதையே தொடங்குகிறது.

என் உத்தியோகம் பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மொன்ட்ரியாலுக்கு வடக்கே பஸ்ஸில் ஒரு மணி நேரம் போனால் ஒரு சின்ன மலை. அந்த மலையில் ஒரு ஸ்கீ பள்ளி. அந்தப் பள்ளிக்கு ஆசிரியர்களைத் தேடிப் பிடிப்பதும், அவர்களுக்குப் பயிற்சி ஒழுங்கு செய்வதும் என் வேலை. எனக்கு ஸ்கீ தெரியுமா? தெரியாது. ஒரு தரம் அந்தச் சப்பாத்தை மட்டும் போட்டுப் பார்த்தேன்... கழற்ற இரண்டு பேர் வரவேண்டியிருந்தது. அத்தோடு சரி.

"கோடையில உங்களுக்கு லீவுதானே?" — கோயிலில், கடையில், கல்யாண வீட்டில் என்னைக் கண்டவர்கள் எல்லோரும் கேட்பது இதைத்தான். லீவா! பனி விழுந்தபிறகு என்னை யார் தேடுகிறார்கள்? என் வேலை முழுவதும் கோடையில்தான். வெளியே வெயில் கொளுத்தும். நான் மேசை விசிறிக்கு முன்னால் இருந்துகொண்டு, "உங்கள் குளிர் ஜக்கெட் என்ன சைஸ்?" என்று ஆசிரியர்களுக்கு மெசேஜ் அனுப்பிக்கொண்டிருப்பேன். அவர்கள் ஏதாவது ஏரிக்கரையில் நீச்சல் உடுப்போடு கிடப்பார்கள். பதில் வருமா? நீங்களே சொல்லுங்கள்.

இந்தக் கோடையில் பதிலே வராமல் போனவர்கள்தான் அதிகம். சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்கிய பல்கலைக்கழகப் பிள்ளைகளில் ஒருத்தி மேற்குப் பக்கத்துப் பெரிய மலைகளுக்குப் போய்விட்டாள். ஒருவனுக்கு லொங்குய்யில் ஒஃபிஸ் வேலை கிடைத்துவிட்டது. மற்றவர்கள் போனையே எடுக்கவில்லை.

பள்ளியின் தலைமை ஆசிரியை ஜோஸே. நல்ல மனுஷி, ஆனால் சுற்றிவளைத்துப் பேசத் தெரியாது. அவள் சொன்னாள்: ஆள் இல்லையென்றால் சனிக்கிழமை வகுப்பை மூடவேண்டியதுதான்.

மூடுவதா! அந்தச் சனிக்கிழமை வகுப்பு நான் கெஞ்சிக் கூத்தாடித் தொடங்க வைத்தது. கோட்-டெ-நேஜ், மொன்ட்ரியால்-நோர் பக்கத்துப் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவோம். தாய் தகப்பன் ஸ்கீயைத் தொட்டுக்கூடப் பார்த்திராத பிள்ளைகள். வருடத்தில் ஐந்து மாதம் நாங்கள் பனியை அள்ளுகிறோம், அதற்கு உப்புப் போடுகிறோம், அதைத் திட்டுகிறோம். ஆனால் அதில் விளையாடுவது மட்டும் வேறு யாருக்கோ உரியது என்று விட்டுவிடுகிறோம். ஏன்? எனக்கு இது எப்போதும் எரிச்சலான விஷயம்.

போதாக்குறைக்கு, வசந்த காலத்திலேயே பிள்ளைகளின் பெயர்களை வாங்கிவிட்டேன். "ஓம், கட்டாயம் நடக்கும்" என்று எல்லா அம்மாக்களுக்கும் சொல்லிவிட்டேன். இனி வகுப்பு இல்லையென்றால் நான் தமிழ்க் கடைப் பக்கம் தலைகாட்ட முடியுமா? கருவேப்பிலைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தே பிடித்துவிடுவார்களே!

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இவ்வளவு காலமும் பிரெஞ்சிலும் இங்கிலீஷிலும்தான் ஆள் கேட்டிருக்கிறோம். தமிழில் கேட்டால் என்ன? வாரா வாரம் பத்தி எழுதுகிற எனக்கு ஒரு விளம்பரம் எழுதத் தெரியாதா? வட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்.

"சின்னப் பிள்ளைகளுக்குச் சறுக்குப் பழக்க ஆட்கள் தேவை. சனிக்கிழமைகளில் மட்டும். பிள்ளைகளோடு பொறுமை முக்கியம். முன் அனுபவம் இல்லாதவர்களுக்குப் பயிற்சி தரப்படும்."

என்ன அழகான தமிழ்! வருடம் முழுக்கப் பனியோடேயே கிடப்பவளுக்கு 'பனி' என்ற சொல்லைச் சேர்க்கவேண்டும் என்று தோன்றவே இல்லை.

முதலில் அழைத்தவர் ஒரு தகப்பன். "சேர்டிபிக்கட் தருவினமோ? மகன்ர யூனிவர்சிட்டிக்கு உதவுமோ?" என்றார். இன்னொருவர், "ஒன்லைனில பழக்கலாமோ?" என்றார். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு பிளேன் டீ குடித்தேன்.

நேரில் வந்தது ஒரே ஒருத்தி. தர்ஷினி. முப்பது வயது கடந்தவள். மொன்ட்ரியால்-நோரில் ஒரு கார்டரியில், அதுதான் பிள்ளைகள் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறாள். நோத்ர-டாம்-த-கிரேஸில் இருக்கும் எங்கள் கோடைகால ஒஃபிஸுக்கு, மெட்ரோவும் பஸ்ஸும் மாறி, வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தாள். தண்ணீர் கொடுத்துவிட்டு நேர்முகத்தைத் தொடங்கினேன்.

"ஒரு நேரத்தில எத்தினை பிள்ளையளைச் சறுக்க விடுவியள்?"

"ஒராள் ஒராளாத்தான் அக்கா. ஒண்டுக்குப் பின்னால ஒண்டு வந்தா மோதுப்படுங்கள்."

சரியான பதில்! "நீங்கள் எங்க நிப்பியள்?"

"கீழ. பிள்ளையின்ர முகத்தைப் பாத்துக்கொண்டு. பின்னால நிண்டா அதுகளுக்குப் பயம்."

எனக்குப் புல்லரித்தது. எங்கள் பயிற்சியில் ஜோஸே மணிக்கணக்கில் சொல்லிக்கொடுப்பதை இவள் அப்படியே சொல்கிறாளே! தேடிய ஆள் கிடைத்துவிட்டாள் என்று மனசுக்குள் துள்ளிக்கொண்டு கடைசிக் கேள்வியைக் கேட்டேன்.

"ஈரமாக் கிடந்தால்?"

"அதுக்கென்ன, துவாயால துடைச்சுப்போட்டு விடுவன்."

துவாயாலா? மலையையா?

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக எனக்குப் பின்னால் சுவரில் இருந்த பெரிய படத்தைப் பார்த்தாள். வெள்ளை மலை. ஸ்கீ போட்ட பிள்ளைகள்.

"அக்கா... இது பார்க்கில இருக்கிற சறுக்கு இல்லையோ?"

அவள் நினைத்தது சறுக்குமரம்! பார்க்கில் பிள்ளைகள் படியில் ஏறி வழுக்கிக்கொண்டு வருவார்களே, அதற்குக் கீழே நின்று பிடிக்கிற வேலை என்று நினைத்து வந்திருக்கிறாள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார்.

சிரித்து முடிந்ததும் தர்ஷினி கைப்பையை எடுத்தாள். "எனக்கு ஐஸில நடக்கவே நடுங்கும் அக்கா. வந்த முதல் விண்டரே விழுந்து கை முறிஞ்சது. நான் வாறன்."

கதவடிக்குப் போனவள் திரும்பினாள். "சனிக்கிழமை எண்டு போட்டிருந்தியள்... கோட்-டெ-நேஜில இருந்து பஸ் போற வகுப்போ? மகளும் பேர் குடுத்திருக்கிறா. ஒவ்வொரு நாளும் அதே கதைதான்."

"அந்த வகுப்புத்தான்," என்றேன். ஒளிக்க மனம் வரவில்லை. "ஆள் கிடைக்காட்டி இந்த வருசம் வகுப்பு இல்லை."

அவள் திரும்பி அந்தப் படத்தைப் பார்த்தாள். பிறகு வந்து மறுபடி கதிரையில் இருந்தாள்.

"பழக எவ்வளவு காலம் எடுக்கும்?"

ஜோஸேயிடம் துவாய்க் கதையைச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தாள். சிரித்த கையோடு கண்டிப்பாகவும் ஒன்று சொன்னாள். பழக்கிப் பார்ப்போம், ஆனால் மலை திறந்ததும் ஒரு பரீட்சை. ஆகச் சின்னச் சரிவில், ஒரு பிள்ளையைப் பார்த்தபடி, ஸ்கீயில் பின்பக்கமாக இறங்கிக் காட்டவேண்டும். இறங்கினால் வகுப்பு நடக்கும். இல்லையென்றால் இல்லை. தயவு தாட்சண்யம் எதுவும் கிடையாது.

செப்டெம்பரில் பயிற்சி தொடங்கியது. எங்கே? ஒஃபிஸுக்குப் பக்கத்துப் பார்க்கின் புல் மேட்டில்தான். பனி வரும்வரை காத்திருக்க முடியாதே. வாரநாள் வகுப்புகளுக்கென்று புதிதாகச் சேர்ந்த இரண்டு பல்கலைக்கழக மாணவர்களும் தர்ஷினியும் ஸ்கீ சப்பாத்தோடு புல்லில் டக் டக்கென்று நடந்தார்கள். நாயோடு நடக்கப் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். நாய்களும் நின்று பார்த்தன!

முதல் பாடம் என்ன தெரியுமா? விழுவது. பக்கவாட்டில், பயமில்லாமல், பொத்தென்று விழவேண்டும். மாணவர்கள் இருவரும் சந்தோஷமாக விழுந்தார்கள். தர்ஷினி விழவே இல்லை. உடம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றாள். அதுமட்டுமா, மற்றவர்கள் விழும்போதெல்லாம், "கவனம்! கவனம்!" என்று கத்தினாள்.

ஜோஸே என்னிடம் வந்து, 'கவனம்' என்றால் என்ன என்று கேட்டாள். விளக்கினேன். இனி இந்த மேட்டில் அந்தச் சொல் கூடாது என்று தடை போட்டாள். தமிழ்த் தாய்மார் யாருக்காவது இப்படி ஒரு தடையைப் போட்டுப் பாருங்கள்! பிள்ளை கடைக்குப் போனாலும் கவனம், குளிக்கப் போனாலும் கவனம் என்றுதானே எங்களுக்கு வாய் வரும்? நானே அன்றைக்கு வீட்டுக்கு வந்து எத்தனை தரம் சொல்கிறேன் என்று கவனித்தேன். வெட்கமாகப் போய்விட்டது.

ஆனால் அதே மேட்டில்தான் இன்னொன்றும் நடந்தது. "இப்போது பின்பக்கமாக இறங்குங்கள்," என்றாள் ஜோஸே. மாணவர்கள் ஓர் அடி வைப்பதும், தோளுக்கு மேலால் திரும்பிப் பார்ப்பதும், தடுமாறுவதுமாக இருந்தார்கள். தர்ஷினி? கைகள் இரண்டையும் விரித்துக்கொண்டு, ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்காமல், வீட்டுக்குள் நடப்பதுபோல அடிவரைக்கும் வந்துவிட்டாள்.

நான் வாயைப் பிளந்தேன்.

"கார்டரியில இதுதானே அக்கா வேலை," என்றாள். "பிள்ளையள் கயித்தைப் பிடிச்சுக்கொண்டு வருங்கள், நான் முன்னால பின்பக்கமா நடப்பன்."

நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு நீளக் கயிறு, அதில் வளையங்கள், வளையத்துக்கு ஒரு குஞ்சுக் கை. நடைபாதையில் அப்படி வரும் பிள்ளைகளைப் பார்த்து நாங்கள், "அச்சா வடிவு!" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். முன்னால் ஒருத்தி முதுகைக் காட்டாமல் நடக்கிறாளே, அவளை எப்போதாவது கவனித்திருக்கிறோமா? நான் கவனித்ததில்லை.

இலையுதிர் காலம் முழுக்க ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டடத்துக்குள் பயிற்சி. சரிவான பெரிய கம்பளம் ஒன்று கீழிருந்து மேலாக உருண்டுகொண்டே இருக்கும். அதில் ஸ்கீயோடு நிற்கவேண்டும். தர்ஷினி விழாமலிருக்க முன்னால் இருந்த கம்பியைக் கட்டிப்பிடித்தாள். பிறகு ஒரு கையை விட்டாள். ஒரு நாள் இரண்டு கையையும் விட்டு, பொத்தென்று விழுந்து, அப்படியே கிடந்து அழுதாள்.

"நான் விடப்போறன் அக்கா. எனக்கு இது சரிவராது."

நான் ஏறாத கம்பளத்தில் ஏறு என்று இன்னொருத்திக்கு எந்த முகத்தோடு சொல்வது? கண்ணாடிக்கு வெளியே நின்ற அவளுடைய மகள்தான் கத்தினாள்: "டே கபாப், மமா!" உன்னால் ஏலும் அம்மா என்று பிரெஞ்சில். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். எனக்கு அன்றைக்கு அது குறையாகவே படவில்லை.

தர்ஷினி எழுந்தாள்.

இனிப் போன சனிக்கிழமைக்கு வருவோம். மலை திறந்த முதல் கிழமை. உண்மையான பனி, உண்மையான சரிவு. ஜோஸே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பரீட்சைக்குப் பிள்ளையாக எங்கள் பஸ் டிரைவரின் நாலு வயதுப் பேத்தி. ஸ்கீயை மாட்டியதுமே அவள் ஓவென்று அழத் தொடங்கிவிட்டாள்.

தர்ஷினி அவளுக்கு முன்னால் போய் நின்றாள். பிள்ளையின் முகத்தைப் பார்த்து, கையை விரித்து, மெல்லப் பின்பக்கமாக வழுக்கத் தொடங்கினாள். பிள்ளை ஏங்கி ஏங்கி அழுதபடி பின்னால் வந்தாள். கால்வாசி. அரைவாசி. நான் தெரிந்த கடவுள்களை எல்லாம் கூப்பிட்டேன்.

பாதி வழியில் தர்ஷினி விழுந்தாள்.

போச்சு, என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். சிரிப்புச் சத்தம் கேட்டுத்தான் திறந்தேன். தர்ஷினி பனியில் இருந்தபடியே, "பார், நானும் விழுந்துட்டன்!" என்று பிரெஞ்சில் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு வேண்டுமென்றே பொத்தென்று பக்கத்தில் விழுந்தாள். இருவரும் எழும்பினார்கள். மிச்சத் தூரம் முழுக்க, ஒரு தடங்கலும் இல்லாமல், ஒருத்தி பின்பக்கமாகவும் ஒருத்தி முன்பக்கமாகவும் வந்து சேர்ந்தார்கள்.

ஜோஸே என்னைப் பார்த்தாள். "ஜக்கெட்டைக் கொடு," என்றாள். அவ்வளவுதான்.

ஓகஸ்டில் அளவு கேட்டு வாங்கி, யாருக்கும் கொடுக்காமல் நான் ஒளித்துவைத்திருந்த சிவப்பு ஜக்கெட்! அதைப் போட்டுவிடும்போது எனக்குச் சிப் பூட்டவே வரவில்லை. குளிரில்தான் என்று சொன்னேன். தர்ஷினி நம்பவில்லை.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. தர்ஷினியின் மனுசன். சனிக்கிழமையும் டெலிவரி வேலை, வரமுடியவில்லை. குரலில் ஒரே பதற்றம்.

"அக்கா, பரீட்சை முடிஞ்சுதோ? என்ன மாதிரி?"

எனக்கிருந்த சந்தோஷத்தில் கத்தினேன்: "தம்பி, சறுக்கிட்டா!"

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு.

"பரவாயில்லை அக்கா... ஆளை அழவேண்டாமெண்டு சொல்லுங்கோ. நான் வரேக்க கொத்து ரொட்டி வாங்கிக்கொண்டு வாறன்."

"ஐயோ தம்பி, இல்லை! நல்லா சறுக்கிட்டா! பாஸ்!"

சனிக்கிழமை வகுப்பு நடக்கிறது, அம்மாக்களே. இனி நான் கருவேப்பிலையைப் பயமில்லாமல் வாங்கலாம்.

திரும்பி வரும்போது ஜோஸே கேட்டாள், அடுத்த கோடைக்கும் அந்தத் தமிழ் விளம்பரத்தைப் போடுவோமா, எல்லோரும் பிழையாக விளங்கிக்கொள்ளும் அந்தச் சொல்லை மட்டும் திருத்திவிட்டு?

போடுவோம் என்றேன். ஒரு எழுத்தையும் தொடமாட்டேன் என்றும் சொன்னேன்.