பின்சீட்டுக் கவலை

வாடகைக் கார் ஓட்டுகிறவர்களுக்குக் கண் சாலையில் இருந்தாலும் காது பின்சீட்டில்தான் இருக்கும். அங்கே ஒருவர் "அய்யோ" என்றால் அடுத்த ஓட்டம் வேறு வண்டிக்குப் போய்விடும். உங்களில் யாராவது ஓட்டுகிறவர்கள் இருந்தால் இந்தப் பாடு தெரியும்.

தேங்காய்ச் சாக்கு

பெண்ணான நான் ஓட்டிய முதல் வண்டி ஒரு பழைய வேன். பின்னால் ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கிய இரும்புப் பட்டைகள்தான் ஸ்பிரிங். ஆள் நிறைந்தால் சாதுவாகப் போகும், காலியாக இருந்தால் துள்ளும். அதனால் எப்போதும் பின்னால் தேங்காய்ச் சாக்குகளைப் போட்டு வைப்பேன்.

குழித்துறையில் ஒரு அம்மா, மாசமாக இருந்த மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஏறியவர், "பிள்ளை இருக்க இடத்தில சாக்கா?" என்று எல்லாவற்றையும் இறக்க வைத்தார். முதல் பள்ளத்திலேயே மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வண்டியைத் திருப்பிப் போய்ச் சாக்குகளை ஏற்றினேன். பிறகு துள்ளலே இல்லை. இறங்கும்போது அந்த அம்மா சொன்னார்: "இனி சாக்க எறக்காண்டாம் மக்கா. இடம் போதலேன்னா நான் பஸ்சில வாறேன்."

வேகத்தடை

அடுத்து வாங்கியது சுருள் ஸ்பிரிங் கார். மெத்தை மாதிரி இருக்கும். களியக்காவிளையில் ஒரு கல்யாணத்துக்குப் போக, நல்ல கனத்த உடம்புக்காரர்கள் நெருக்கியடித்து ஏறினார்கள். டிக்கியில் பலாப்பழம் வேறு. பின்பக்கம் அப்படியே அமுங்கிவிட்டது. வேகத்தடை வந்தபோதெல்லாம் அடி உரசாமலிருக்க எல்லோரையும் இறக்கி, தாண்டியபிறகு ஏற்றினேன். மாப்பிள்ளையின் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டார்: "ஏட்டி, வாடகை உனக்கு, நடை எங்களுக்கா?"

இனயத்துக்காரர்

அதே கார் வளைவில் ஒரு பக்கம் சாயும், நிமிரும், மறுபக்கம் சாயும். இனயத்திலிருந்து ஒரு மீன்பிடிக்காரர் வழக்கமாக வருவார். கடற்கரைச் சாலை வளைவுகளில் ஒருநாள் அவர் முகம் வெளிறியது. ஓரமாக நிறுத்தினேன், வாந்தி எடுத்தார். தண்ணீர் கொடுக்கும்போதே தெரிந்துவிட்டது, இனி கூப்பிடமாட்டார். வாய் கொப்பளித்துவிட்டுச் சொன்னார்: "கடல்ல வள்ளத்தில ஒரு நாளும் எனக்கு இப்படி வந்ததில்ல, கேட்டியா."

டீச்சர்

இப்போதைய காரில் பின்சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும். ஒன்று பள்ளத்தில் விழுந்தால் மற்றதற்குத் தெரியாது. முதுகுவலி வைத்தியத்துக்குப் போகும் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வாரந்தோறும் வருவார். வேன் காலத்தில் குலுங்கிக்கொண்டே ஊர்க்கதை முழுக்கச் சொன்னவர். இந்தக் காரில் முதல்முறை ஏறிய அன்று பின்னால் சத்தமே இல்லை. மயங்கிவிட்டாரோ என்று பதறி, நிறுத்தி, தோளைத் தொட்டேன். கண் விழித்தவர் சொன்னார்: "நல்லா உறங்கிட்டு வந்தேன், கெடுத்திட்டியே. அடுத்த வாரமும் இதே வண்டிய கொண்டு வா."

குலுக்கினால் ஆள் போய்விடும், குலுக்காவிட்டால் பேச்சுத்துணை போய்விடும் என்பதுதான் இத்தனை வண்டி மாற்றி நான் கண்டது.