குல்ஸிரா அக்கா எடுத்த அரைப் படம்

தொல்கனாய் அல்மாத்திக்கு ரயில் ஏறியது மார்ச் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. நான்கு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் சொந்த ஊரான ஷிம்கென்ட் திரும்பி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டு குல்ஸிரா அக்காவின் ஒரே மகளான அவள் டென்னிஸ் போட்டிக்குப் போகிறாள் என்பதால் பை தூக்க நானும் நிலையத்துக்குப் போனேன்.

அந்தப் பெண் டென்னிஸ் மட்டைகளை வலது தோளில் மாட்டியிருந்தாள். இடது கையைச் சட்டைப் பையை விட்டு வெளியே எடுக்கவே இல்லை.

“கையை வெளிய எடுடி, காத்து படட்டும்,” என்றார் பயிற்சியாளர் துர்சின். “எக்ஸ்ரே படத்துல ஒண்ணுமில்லன்னு வந்தாச்சு. இனிமே வலிக்குதுன்னா அது கை இல்ல, சோம்பேறித்தனம்.”

“சரி மாஸ்டர்.”

“குர்த் தயிருருண்டை கட்டி வெச்சிருக்கேன். எல்லாருக்கும் குடு, மூலையில உக்காந்து நீயே தின்னுடாத,” என்றாள் அக்கா. சிரிக்கத்தான் பார்த்தாள். ரயில் போன பிறகும் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“வாக்கா, பஸ் போயிடும்.”

“போகட்டும்.”

குல்ஸிரா அக்கா பதிமூன்று வருடமாக ஓர் அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். எங்கள் பேட்டையில் பாதிப்பேரை அவளுக்கு எலும்பாகத்தான் தெரியும். “அதோ தர்பூசணி விக்கிறானே, தோள்பட்டை ரெண்டு தடவ ஒடஞ்சவன்,” என்பாள் சந்தையில். கணவன் மேற்கே எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். மகளை அவள் மலைமேல் ஒரு குடியிருப்பில் பெற்றாள். பனியும் பிழைப்பும் விடாமல், இரண்டரை வருடம் கழித்துத்தான் கீழே வந்து பிறப்பைப் பதிந்தாள். எழுத்தர் பதிந்த வருடத்தையே பிறந்த வருடமாக எழுதிவிட்டார். பள்ளியில் சேர்க்க அவசரமில்லையே என்று அவளும் திருத்தவில்லை.

பிறகு மகள் டென்னிஸில் ஜெயிக்க ஆரம்பித்தாள். கோப்பைகள், விளையாட்டு விடுதியில் இடம், எல்லாம் அந்தத் தவறான வருடத்தின் பேரில் வந்தன. காகிதத்தில் வயது பதினாலு. உண்மையில் பதினேழு நெருங்கிவிட்டது.

அன்று பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்துதான் இதை என்னிடம் சொன்னாள். அத்துடன் நிற்கவில்லை.

தொல்கனாய் வலது கைக்காரி. ஆனால் இடப்பக்கம் வரும் பந்தை இரண்டு கையாலும் அடிப்பாள், வேகத்தை இடது கைதான் கொடுக்கும். டிசம்பரிலிருந்து அந்த மணிக்கட்டில், சுண்டுவிரல் பக்கம், வலி. கதவுப் பிடியைத் திருப்பினாலே கண்ணீர் வந்தது. படம் பார்க்காமல் ஆடவிட மாட்டேன் என்று அல்மாத்தியிலிருந்த அணி மருத்துவர் சொல்லிவிட்டார். “உங்க கையிலயே மிஷின் இருக்கு, நீங்களே எடுத்து அனுப்புங்க,” என்றார் துர்சின்.

வளரும் பிள்ளைக்கு முன்கை எலும்புகளின் முனையில் ஒரு கறுப்புக் கோடு தெரியும். வளர்ச்சி முடிந்தால் கோடு மூடிவிடும். அந்த மருத்துவர் மணிக்கட்டுப் படத்தில் வயது பார்க்கிறவர். வயதை மறைத்த இரண்டு பையன்களை ஏற்கெனவே பிடித்தவர்.

அக்கா முதலில் முழுப்படம் எடுத்தாள். கோடு மூடியிருந்தது. உடனே அதை அழித்தாள். அடுத்து குமிழைத் திருகி வெளிச்சக் கட்டத்தைச் சுருக்கினாள். உள்ளங்கையும் அதன் கீழே சின்ன எலும்புகளும் மட்டும் விழுந்தன. ‘காட்டப்பட்ட பகுதியில் எலும்புமுறிவு இல்லை’ என்று மருத்துவமனை டாக்டர் எழுதிய அறிக்கையோடு அது அல்மாத்திக்குப் போனது; ஆடலாம் என்று பதில் வந்தது.

“வலி எங்கக்கா இருக்கு அவளுக்கு?”

தன் மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் துருத்தியிருந்த எலும்பைத் தொட்டுக் காட்டினாள்.

“அது கட்டத்துக்கு உள்ளயா, வெளியவா?”

சட்டைக் கையை இழுத்து அந்த எலும்பை மூடிக்கொண்டாள்.

“இப்பவே ஃபோன் பண்ணுக்கா.”

“பண்ணி? எம்பொண்ணு திருட்டு வயசுக்காரின்னு சொல்லவா? நீ ஊர்சுத்தி, உனக்கு வாய் ஈசியா வரும். விடுதிக் கட்டிலும் போயி, கோப்பையும் போயி, பேப்பர்ல பேரும் வந்தா அவ எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு வெளிய போவா?”

“கை போயிட்டா?”

“வாய மூடுடி!”

பேருந்தில் பாதி வழி வந்ததும் அவளாகவே ரயிலில் இருந்த துர்சினை அழைத்தாள். நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். “மாஸ்டர், அவள ஆட விடாதீங்க. இன்னொரு படம் எடுக்கணும்.”

“ஏங்க, நீங்க அம்மாவா பேசறீங்களா, எக்ஸ்ரே எடுத்தவங்களா பேசறீங்களா?”

அக்கா ஜன்னலைப் பார்த்தாள். எடுத்தவள் என்றால் ஏன் என்று கேட்பார். நான் அவள் முழங்கையை இடித்தேன்.

“அம்மாவாத்தான்,” என்றாள்.

“அம்மாங்களுக்கு எப்பவும் பயம்தான். வெச்சிடறேன்.”

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ஆட்டத்தில் இடப்பக்கப் பந்தை அடிக்கும்போது தொல்கனாயின் இடது கை விட்டுப்போய் மட்டை கீழே விழுந்தது. கட்டுப் போட்டு மறுபடி இறக்கினார்கள். படம்தான் சுத்தமாக இருக்கிறதே. ஜெயித்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். ஏப்ரலிலும் ஆடினாள், மேயிலும் ஆடினாள். விடுமுறைக்கு வந்தபோது வெந்நீரில் உப்புப் போட்டு அந்தக் கையை வைத்துக்கொண்டு, தாயும் மகளும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அக்காவிடம் நான் கெஞ்சினேன், சண்டை போட்டேன். துர்சினிடம் நானே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஜூனில் மறுபடி ஊரைவிட்டுப் போனேன்.

ஒன்றரை வருடம் கழித்து, திபிலிசியில் இருந்தபோது, கைபேசிக்கு ஒரு படம் வந்தது. விரல் நுனியிலிருந்து முன்கையின் பாதி வரை. கீழே குல்ஸிரா அக்கா எழுதியிருந்தாள்:

“இது முழுசு. உண்மையான பொறந்த தேதியப் போட்டு நானே எடுத்தேன். அந்தத் துருத்தின எலும்புல கீறல் பாத்தியா, ஒட்டவே இல்ல. நான் அழிச்சேனே, அந்தப் படத்துலயும் இது இருந்திருக்கும். அன்னிக்கு நான் வயசத்தான் பாத்தேன், வலியப் பாக்கல. உள்ள ஜவ்வும் கிழிஞ்சிருக்குன்னு ஸ்கேன்ல சொல்றாங்க. விடுதியில இருந்து அனுப்பிட்டாங்க. ஆட வேணாம்டி, அவ தலைய அவளே பின்னிக்கிற அளவுக்குக் கை வந்தா போதும். நீ சுத்தின ஊர்ல கை டாக்டர் யாராவது இருந்தா இத காட்டு. சீக்கிரம் காட்டு.”