சீர்வரிசைப் படங்கள்

பெரியம்மா மகளின் கல்யாணத்தில் மணமக்களைவிட அதிகமாக வேடிக்கை பார்க்கப்பட்டது சீர்வரிசைதான். பெரியப்பாவின் ஊரான காவாந்தண்டலத்தில், பந்தலின் ஒரு பக்கம் முழுக்கக் கட்டில், பீரோ, வாஷிங் மெஷின், டிவி என்று வரிசை கட்டி நிற்க, நடுவில் கதவெல்லாம் பூப்போட்ட சிவப்பு ஃப்ரிட்ஜ் ஒன்று மாலையோடு நின்றது. மூன்றாம் வகுப்புப் படித்த எனக்கு மாப்பிள்ளையைவிட அதைத்தான் பிடித்திருந்தது.

சித்தி அப்போது சென்னையில் ஒரு பத்திரிகைக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். பொருள் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்துத் தரும்படி பெரியப்பா அவளிடம் சொல்லியிருந்தார். சுற்றுவட்டாரத்தில் யாரும் இவ்வளவு செய்ததில்லை என்பது ஆல்பத்தில் தெரிய வேண்டும்.

லாரி தெருவுக்குள் திரும்ப முடியாததால், ஏரிக்கரைக் குடிசைகளிலிருந்து வந்த ஆட்கள்தான் எல்லாவற்றையும் ரோட்டிலிருந்து தூக்கி வந்திருந்தார்கள். இறக்கி வைத்துவிட்டுப் பந்தலுக்கு வெளியே சாப்பாட்டுக்காகக் காத்திருந்தவர்களைச் சித்தி உள்ளே கூப்பிட்டாள். யார் எதைத் தூக்கினார்களோ அதன் பக்கத்தில் நிற்கச் சொன்னாள். ஃப்ரிட்ஜ் பக்கத்தில் ஒரு பெண் வந்து, அதன் மேல் படாமல் ஒதுங்கி நின்றாள். அவள் தோளில் கயிறு பதிந்த தடம் இன்னும் சிவந்திருந்தது.

"பொருள எடும்மான்னா ஆளுங்கள எடுத்துக்கினு கீறியே!" என்று பெரியப்பா கத்தினார்.

"இதெல்லாம் தானா நடந்தா வந்துச்சு மாமா?" என்றாள் சித்தி, கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சம்பந்தி வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள். பெரியப்பாவை எதிர்த்து யாரும் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. சித்தி கடைசி ஆள்வரை எடுத்து முடித்தாள். அந்தப் படங்கள் ஆல்பத்தில் ஏறவில்லை. பெரியப்பா ஸ்டுடியோக்காரரைக் கூப்பிட்டு வெறும் பொருளாக எடுத்துக்கொண்டார். சித்தியோடு பேசுவதையும் நிறுத்திக்கொண்டார்.

கொஞ்ச நாள் கழித்து, பிரிண்ட் போட்ட படங்களோடு சித்தி வந்து என்னை ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அந்தப் பெண் படத்தை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். "எனக்குன்னு இதாம்மா மொத போட்டோ," என்றாள். பிறகு குடிசைக்குள் போய் ஒரு பிளேடு கொண்டுவந்தாள். படத்தைத் தரையில் வைத்து மேலிருந்து கீழே நேராக அறுத்தாள்.

"இன்னாக்கா பண்றீங்க?" சித்தி பதறினாள்.

"எம்மாம் பெரிய பொட்டி! பக்கத்துல நான் கண்ணுக்கே தெரில. இது எனக்கு இன்னாத்துக்கும்மா? பாப்பா ஆசையா பாத்துக்கினு கீது, அதுவே வெச்சிக்கட்டும்."

ஃப்ரிட்ஜ் இருந்த பாதியை என் கையில் கொடுத்துவிட்டு, தன் பாதியை வாசலுக்கு மேலே கீற்றில் செருகி, தள்ளி நின்று பார்த்துச் சிரித்தாள்.

சித்தியின் கழுத்தில் கேமரா தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைத் தொடவில்லை. திரும்பும் வழியெல்லாம் தலையைக் குனிந்தபடி நடந்தாள். படத்தின் நல்ல பாதி எனக்குக் கிடைத்துவிட்டதில் சித்திக்கு வருத்தம் போலும் என்று நினைத்து, அவள் திருப்பிக் கேட்டுவிடுவாளோ என்ற பயத்தில், அதைக் கவுனுக்குள் மறைத்துக்கொண்டு நடந்தேன்.