அக்காவின் வலது காலும் மாப்பிள்ளையின் கோபமும்

என் அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். சொந்தமாக ஒரு சின்னக் கார், அதன் தலையில் பெரிய மஞ்சள் பலகை, உள்ளே இரண்டு பிரேக். ஒன்று கற்றுக்கொள்ள வருகிறவருக்கு, இன்னொன்று அக்காவின் உயிருக்கு. இருபது வருடத்துக்கு மேலாக அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் வலது காலை வைத்துக்கொண்டே ஊரைச் சுற்றியிருக்கிறாள். இப்போது அந்தக் கால் அவள் பேச்சைக் கேட்பதில்லை. பஸ்ஸில் போனால் டிரைவருக்கு முன்னாலேயே இவள் பிரேக் போட்டுவிடுவாள். பல் டாக்டர் ஊசியோடு கிட்டே வந்தபோது போட்ட பிரேக்கில் அவருடைய குப்பைக்கூடை கவிழ்ந்து உருண்டது.

மற்றபடி அக்கா சத்தம் போடாதவள். வண்டி நேராகச் சுவரைப் பார்த்துப் போனாலும், "தம்பி, அந்தச் சுவர் நேத்தும் அங்கதான் இருந்துச்சு" என்றுதான் சொல்வாள். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "நாள் பூரா பக்கத்துல ஒருத்தர் தப்பா ஓட்டிட்டிருக்காங்க. வீட்டுக்கு வந்தும் அதே வேலையா?" என்பாள். கேட்டவர்கள் மறுபடி கேட்டதில்லை.

நான் அவளுடைய தம்பி. என் மனைவி, சரக்கில் குறை என்று சொல்லி என்னைத் திருப்பி அனுப்பியதிலிருந்து அக்கா வீட்டுப் பின்னறையில் இருக்கிறேன். துணி துவைக்கும் மெஷின்களுக்கு உபயோகக் குறிப்பு எழுதுவது என் தொழில். யாரும் படிக்காத எழுத்தாளன் என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

பின்னறையில் நான் காலை நீட்டி ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் அடுத்த ஆள் வந்து சேர்ந்தார். நாய்க் காப்பகம் ஒன்றின் வாசலில் மாணவி ஒருத்தி ஓட்டும்போது இன்ஜின் அணைந்து வண்டி நின்றுவிட்டது. அவள் திரும்ப ஸ்டார்ட் செய்வதற்குள் வேலிக்குப் பின்னாலிருந்து ஒருவர் அக்காவைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். பழுப்பு நிறம், நீளமான மூஞ்சி, ஒரு காது பாதிக்குக் கிழிந்திருந்தது. அன்று சாயங்காலமே அக்கா திரும்பப் போனாள். காப்பகத்துக்காரம்மா எதையும் மறைக்கவில்லை. "மனுஷங்ககிட்ட தங்கம்ங்க. ஆனா வேற நாயைப் பார்த்தா அவ்வளவுதான். ரெண்டு வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்துட்டான்" என்றாள். அக்கா அதைக் கேட்டுக்கொண்டாளா, காதில் போட்டுக்கொள்ளவில்லையா தெரியாது. அன்றைக்கே பின்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிவந்துவிட்டாள்.

பெயர் நான் வைத்தது. தட்டில் போட்டதும் சாப்பிட மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு தடவை கெஞ்ச வேண்டும். சோபாவில் நடுவில்தான் படுப்பார், நாம் ஓரத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். பேச்சு பிடிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இதற்கு மேல் என்ன வேண்டும்? மாப்பிள்ளை என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவரும் திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்குள் மாப்பிள்ளை, வீதியில் ரவுடி. எதிரில் இன்னொரு நாய் வந்துவிட்டால் போதும். முதுகு மயிர் நட்டுக்கொள்ளும், பல் நாற்பதோ நாற்பத்திரண்டோ எல்லாம் வெளியே வரும், கயிறு முறுக்கேறி அக்காவை இழுத்துக்கொண்டு போகும். மாணவர்களின் காரை நிறுத்துகிறவளை ஒரு நாய் தெருத்தெருவாக ஓட்டிக்கொண்டு போனது.

ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். மூஞ்சியில் தண்ணீர் அடிக்கச் சொன்னார் பால்காரர். முள் வைத்த பட்டை போடச் சொன்னார் எதிர்வீட்டுக்காரர். அவர் நாய் வளர்த்ததே இல்லை. கால்நடை டாக்டர் மட்டும் உருப்படியாகச் சொன்னார். "திட்டாதீங்க, அடிக்காதீங்க. கோபம்னு நினைக்கிறீங்க, பாதி பயம். அடுத்த நாய் தூரத்துல வரும்போதே, இவன் வெறைக்கிறதுக்கு முன்னாடி, ஒரு துண்டு கோழி குடுங்க. கயிறு தளர்வா இருக்கட்டும். முடியலைன்னா திரும்பி வந்துடுங்க, அதுல ஒண்ணும் அவமானம் இல்ல."

அக்கா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். இடுப்பில் ஒரு பை, பையில் வேகவைத்த கோழித் துண்டு. முனைக்கு முனை நின்று எட்டிப் பார்த்து, ஆளில்லாத தெருவாகப் பொறுக்கி நடந்தாள். ஒரு பிரயோஜனமும் இல்லை. கோழியை வாயில் வைத்துக்கொண்டே குரைக்கிற கலையை மாப்பிள்ளை கற்றுக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை மாடிவீட்டு கேஷியரம்மா தன் நாயோடு படியிறங்கி வந்தாள். பஞ்சு என்பது அந்த நாய்க்கு நாங்கள் வைத்த பெயர். வெள்ளையாக, ஒரு தலையணை அளவுக்கு இருக்கும். குரல் மட்டும் நாலு தலையணைக்கு இருக்கும். மாப்பிள்ளை பாய்ந்தார். அக்கா முழங்காலில் விழுந்தாள். பஞ்சுவைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கிய கேஷியரம்மா செடி வேலிக்குள் உட்கார்ந்துவிட்டாள். அவளை வெளியே இழுக்க என்னோடு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

மறுநாளே குடியிருப்புச் சங்கச் செயலாளர் கதவைத் தட்டினார். இவர் ஒருகாலத்தில் அக்காவிடம் ஓட்டக் கற்றுக்கொண்டவர். கற்றுக்கொண்டவர் என்பது மரியாதைக்குச் சொல்வது. இன்றுவரை டாக்ஸியில்தான் போகிறார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னார்:

"மேடம், ஒரு மாசம் தர்றேன். கடைசி ஞாயித்துக்கிழமை நானே வந்து பார்க்கிறேன். கேட்லேர்ந்து முனை வரைக்கும் நீங்க உங்க நாயைக் கூட்டிட்டு வரணும். எதிர்ல அந்தம்மா அவங்க நாயோட வருவாங்க. ஏதாவது ஆச்சுன்னா, மன்னிச்சுக்குங்க, எடுத்த எடத்துலயே திருப்பிக் குடுத்துடுங்க."

அவர் போனதும் அக்கா கதவைச் சாத்திவிட்டு அதன் மேலேயே சாய்ந்து நின்றாள். "எனக்கு டெஸ்ட் வைக்கிறார் பாரு" என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் நான் சொன்னேன், "ஒரு நாய்தானேக்கா."

"ரெண்டு தடவை திருப்பிக் குடுத்திருக்காங்கடா. எங்களால முடியலன்னுதான் ரெண்டு பேரும் சொல்லியிருப்பாங்க. மூணாவதா நானும் போய் அதையே சொல்லணுமா? அவனுக்குப் புரியாதுன்னு நினைக்கிறியா?"

திருப்பி அனுப்பப்பட்ட சரக்கு என்ற முறையில் எனக்கு அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. மாப்பிள்ளைக்கு சோபாவில் இன்னும் கொஞ்சம் இடம் விட்டேன்.

விழுந்த முழங்கால் வீங்கி அக்கா சில நாள் நடக்க முடியாமல் போனது. கயிறு என் கைக்கு வந்தது. நான் நடைப்பயிற்சிக்குப் பிறந்தவன் இல்லை. ஒரு கையில் போன், இன்னொரு கையில் கயிறு, கயிறு தரையைக் கூட்டிக்கொண்டு வரும். முதல் நாளே எதிரில் ஒரு கறுப்பு நாய் வந்தது, கன்றுக்குட்டி அளவுக்கு. நான் பார்க்கவே இல்லை. பார்த்தபோது அது எங்களைக் கடந்து போய்விட்டிருந்தது. மாப்பிள்ளை ஒரு தும்மல் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். அடுத்த நாளும் அப்படித்தான்.

இதை வீட்டில் சொன்னது என் முட்டாள்தனம். அக்காவின் முகம் செத்துப்போனது.

"அப்ப அவனுக்கு நாய்ங்க பிரச்சனை இல்ல. நான்தான் பிரச்சனை."

"அப்படி இல்லக்கா. அவர் ஏதோ யோசனையில இருந்திருப்பார்."

"பூசி மெழுகாதடா."

இனி நானே கூட்டிப் போகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவ்வளவு நல்லவன் இல்லை நான், ஆனாலும் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. கூட்டிவந்தது அவள். டெஸ்ட்டும் அவளுக்குத்தான். அதற்கு மேலும் ஒன்று இருந்தது, அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. தன் கையில் மட்டும் மாப்பிள்ளை நிம்மதியாக இல்லை என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

விஷயம் பிடிபட்டது தெருவில் இல்லை, சோபாவில். ஒரு சாயங்காலம் டிவியில் ஏதோ துரத்தல் காட்சி. மாப்பிள்ளை எங்கள் இருவருக்கும் நடுவில் மல்லாந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். திரையில் ஒரு லாரி குறுக்கே வந்தது. அக்காவின் வலது கால் 'தொம்' என்று தரையில் இறங்கியது. அடுத்த நொடி மாப்பிள்ளை நாலு காலில் நின்றார். மயிர் நட்டுக்கொண்டது. டிவியைப் பார்த்துக் குரைக்கவில்லை. வாசல் கதவைப் பார்த்து, ஜன்னலைப் பார்த்து, என்னைப் பார்த்து, எங்கேடா அந்த நாய் என்று கேட்கிற மாதிரி குரைத்தார்.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"அக்கா, இன்னொரு தடவை போடு."

"எதை?"

"பிரேக்கை."

போட்டாள். மாப்பிள்ளை மறுபடி எகிறி ஜன்னலுக்கு ஓடினார்.

கதை இதுதான். தெருவில் நாயை முதலில் பார்ப்பது அக்கா. தூரத்தில் வருகிற ஆபத்தைக் கண்டுபிடிப்பதுதானே அவள் பிழைப்பு. பார்த்ததும் கால் பிரேக் போடும், கையும் கயிற்றை இழுத்துப் பிடிக்கும். மாப்பிள்ளையோ நல்ல மாணவர். அக்காவின் கால் தரையில் இறங்கினால் எங்கேயோ எதிரி வருகிறான் என்று அழகாகப் பாடம் படித்து வைத்திருந்தார். ஊரில் அக்காவின் மாணவர்களில் அவர் ஒருவர்தான் சொன்னதை உடனே செய்கிறவர்.

காலை அடக்கப் பார்த்தோம். முடிகிற காரியமா? அந்தக் கால் எத்தனையோ பேரை மரத்தில் மோதாமல் காப்பாற்றியிருக்கிறது. அந்தப் பழக்கத்தை மறந்துவிட்டுக் காரில் உட்கார்ந்தால் அக்காவின் கதி என்ன? பெரிய செருப்பு போட்டு நடந்து பார்த்தாள், செருப்பு பறந்து போய் ஒரு சைக்கிள்காரரின் மேல் விழுந்தது. பாட்டு முணுமுணுத்துப் பார்த்தாள், தாளத்துக்கும் கால்தான் இறங்கியது.

கடைசியில் யோசனை சொன்னது யார் என்பதில் எங்களுக்குள் இன்றும் தகராறு. நான்தான் என்பது உண்மை. காலை மாற்ற முடியாது, அதற்கு அர்த்தத்தை மாற்றலாம். சோபாவில் உட்கார்ந்து அக்கா பிரேக் போடுவாள், மாப்பிள்ளை எகிறுவதற்கு முன் மூக்கடியில் கோழித் துண்டு வரும். தொம், கோழி. தொம், கோழி. கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, அம்மி கிம்மி வாங்கியிருக்கிறீர்களா என்று விசாரித்துவிட்டுப் போனார். ஒரு வாரத்தில் கால் இறங்கியதும் மாப்பிள்ளை ஜன்னலை மறந்து அக்காவின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார். பிறகு மாடிப்படியில், பிறகு காலி மைதானத்தின் இந்தக் கோடியில், அந்தக் கோடியில் நாய் போகும்போது. தினமும் கொஞ்சம் கிட்டே போனார்கள். சில நாள் சொதப்பியது, திரும்பி வந்தார்கள். தளர்ந்த கயிற்றை எப்படிப் பிடிப்பது என்று அக்காவுக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். சோம்பேறித்தனத்தை ஒரு பாடமாக நடத்திய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தது. செயலாளர் முனையில் தொப்பி வைத்துக்கொண்டு நின்றார். அக்கா கேட்டில் நின்றாள். தன் மாணவர்கள் டெஸ்ட்டுக்குப் போகும்போது நகத்தைக் கடிக்காதே என்று சொல்கிறவள், அன்று கடித்துக்கொண்டிருந்தாள்.

நடந்தார்கள். எதிரில் கேஷியரம்மா, பஞ்சுவின் கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு வேலிக்குள் விழத் தயாரான முகத்தோடு வந்தாள். தொம். மாப்பிள்ளை அக்காவைப் பார்த்தார். கோழி. இன்னும் கொஞ்சம் கிட்டே. தொம். பார்த்தார். கோழி.

அப்போதுதான் பஞ்சு வேலையைக் காட்டியது. ஒரு உலுக்கு உலுக்கிக் கழுத்துப் பட்டையை உருவிக்கொண்டு, நாலு தலையணைக் குரலோடு நேராக மாப்பிள்ளையின் மூக்குக்கு முன்னால் வந்து நின்று வைதது. அக்காவின் கால் நான் அதுவரை கேட்காத சத்தத்தோடு இறங்கியது. கை பைக்குப் போன வேகத்தில் பையே கவிழ்ந்து கோழி முழுக்க ரோட்டில் கொட்டியது. பஞ்சு வைவதை நிறுத்திவிட்டுக் குனிந்து சாப்பிட ஆரம்பித்தது.

மாப்பிள்ளையின் கோழி. மாப்பிள்ளையின் காலடியில். மயிர் மெல்ல எழும்புவதை நான் பார்த்தேன். கிழிந்த காது நடுங்கியது. அக்கா கயிற்றை இழுக்கவில்லை. எப்படி இழுக்காமல் இருந்தாள் என்று இன்றும் எனக்கு ஆச்சரியம்தான். மாப்பிள்ளை பஞ்சுவைப் பார்த்தார், கோழியைப் பார்த்தார், பிறகு தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தார். அவள் பையைத் துழாவினாள். ஒன்றும் இல்லை. வேறு வழி தெரியாமல் வெறும் கையை நீட்டினாள்.

அவர் அந்த வெறும் கையை நக்கினார். அவசரமே இல்லாமல், உள்ளங்கை முழுக்க.

அக்கா நடுரோட்டில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை, அப்பா போனபோதுகூட. எனக்கும் கண் கலங்கியது, அதை எதற்கு மறைக்க வேண்டும்? கேஷியரம்மா பஞ்சுவை அள்ளிக்கொண்டு, "என் கைதான் நழுவிடுச்சு, என் மேலதான் தப்பு" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

செயலாளர் வந்து தொப்பியைக் கழற்றினார். "பாஸ் மேடம்" என்றார். அந்த வார்த்தையைச் சொல்வதற்கு வாழ்நாள் முழுக்கக் காத்திருந்தவர் மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை சோபாவின் நடுவில் ஏறிப் படுத்தார். அக்கா கால்கூடக் கழுவாமல் அவர் பக்கத்து ஓரத்தில் ஒட்டி உட்கார்ந்து, காப்பகத்துக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கம் காப்பகத்துக்காரம்மா பயந்துவிட்டாள் போலிருக்கிறது. மூன்றாவது தடவை என்று நினைத்திருப்பாள்.

"இல்லங்க, அதுக்கில்ல" என்றாள் அக்கா. "அவனோட கூண்டு இன்னும் காலியா வெச்சிருக்கீங்களா? வேற நாய்க்குக் குடுத்துடுங்க."