அம்மனோடு நான் போட்ட சண்டை

எங்கள் வீட்டுப் பொங்கல் பானை இந்த ஆடியில் மாரியம்மன் வாசலில் ஏறக்கூடாது என்று ஊர் கூடிச் சொன்னபோது, ஊர் மேல் வந்த கோபத்தைவிட அம்மன் மேல் எனக்கு வந்த கோபம்தான் அதிகம். அம்மன் பிள்ளைகளே, அதை மறைத்துவிட்டுச் சாட்சி சொல்ல எனக்கு வராது.

கச்சிராயபாளையம் பக்கம் எங்கள் ஊர். கரும்பு விவசாயம். நான் குறும்படங்களுக்கு இசையமைக்கிறேன். கல்வராயன் மலையில் எடுத்த ஒரு படத்துக்கு இசை கேட்டு வந்தார்கள். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனை ஒரு பெண் எதிர்த்து நிற்பதுதான் கடைசிக் காட்சி. வசனமே கிடையாது. அதற்குப் பம்பையும் உடுக்கையும் வைத்து நானே ஒரு தாள அடி கட்டினேன். கோயிலில் அடிக்கிற அடி அல்ல, என் சொந்த அடி. பம்பைக்காரர்களை வீட்டுக்கே அழைத்து, சொல்லிக் கொடுத்து, பதிவு செய்தேன்.

ஊரும் பார்க்கட்டும் என்ற ஆசையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் சமுதாயக் கூடத்து ஜன்னல்களை மூடிப் படத்தைப் போட்டோம். அதுதான் வினை. கடைசிக் காட்சியில் உடுக்கை எழும்பியதும் கோயில் தர்மகர்த்தாவின் மனைவி, எனக்குப் பெரியம்மா முறை, கூந்தல் அவிழ எழுந்து ஆட ஆரம்பித்துவிட்டார். திருவிழாவிலும் அவர் மேல்தான் அம்மன் இறங்குவாள். லைட்டைப் போட்டுப் படத்தை நிறுத்தினார்கள்.

தர்மகர்த்தா என் சட்டையைப் பிடித்தார். "கோயில் அடியத் திருடி சினிமாவுல போட்டுக்கினு, அத்த இங்கியே காட்றியாடா?"

"திருடல பெரியப்பா. நானே கட்டினது."

"நீ கட்டினதுக்கு ஆத்தா எதுக்குடா எறங்கறா?"

கூட்டம் போட்டார்கள். கோயிலில் விழுந்து திருட்டை ஒத்துக்கொள்ள வேண்டுமாம், படத்திலிருந்து இசையை எடுக்க வேண்டுமாம். முடியாது என்றேன். அப்படியானால் எங்கள் பானைக்கு இடமில்லை என்றார்கள்.

எனக்கென்ன, நான் போகாமலே இருந்துவிடுவேன். ஆனால் அம்மா? அப்பா போன பிறகு அவளுக்கு இருந்த ஒரே பிடிப்பு அந்த வாசல். சோற்றில் கை வைப்பாள், எழுந்து போய்விடுவாள். என்னைத் திட்டக்கூட இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. ஒத்துக்கொண்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். செய்யாத திருட்டை எப்படி ஒத்துக்கொள்வது?

ஒரு மத்தியானம் ஆளில்லாத நேரம் பார்த்துக் கோயில் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "நீதானே எறங்கின? நான் கூப்ட்டனா? என் அடி பிடிக்கலன்னா என் கைய முடக்கிடு. பிடிச்சிருந்தா உன் வாயால சொல்லு. எங்கம்மாவ ஏன் வாட்டற?" அழுதேன். பூ விழவில்லை, பல்லி கத்தவில்லை. போன கோபத்தோடேயே திரும்பி வந்தேன்.

திருவிழா அன்று கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பம்பைச் சத்தம் கேட்டதும் அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். திடீரென்று சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் தர்மகர்த்தா. முகத்தில் ஈயாடவில்லை. பின்னால் பாதி ஊர்.

பெரியம்மா மேல் இறங்கிய அம்மன் கற்பூரத்தை வாங்க மறுத்துவிட்டாளாம். வாசலில் இருந்த பானைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, "ஒண்ணு கொறையுதே. எனக்குப் புது அடி கட்டினானே, அவன் வூட்டுப் பானை எங்கடா?" என்று கேட்டாளாம். கேட்டது அந்தத் தர்மகர்த்தாவைப் பார்த்துத்தான்.

"பானைய எடுத்துக்கினு வாம்மா" என்றார், தரையைப் பார்த்தபடி.

"இன்னாங்க மாமா, இப்பத்தான் எங்க வூட்டுக்கு வழி தெரிஞ்சிதா?" என்றாள் அம்மா.

அரிசி களைந்து, பானைக்கு மஞ்சள் கொத்து கட்டி முடிக்கும்வரை அம்மா அவரை வெயிலிலேயே நிற்க வைத்தாள். பிறகுதான் கிளம்பினாள். அந்தப் பானை பொங்கியபோது நான் ஊரறிய அழுதேன்.

முன்பெல்லாம் கோயிலைத் தாண்டும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டு போகிறவன் நான். இப்போது எந்தப் படமானாலும் முதலில் அவளிடம் போய்க் காட்சியைச் சொல்லிவிட்டுத்தான் கீபோர்டில் கை வைக்கிறேன். தர்மகர்த்தாவோடு இன்னும் பேச்சு இல்லை. அவரை மன்னிக்கிற மனசைக் கொடு என்று நான் இன்னும் கேட்கவில்லை.

உங்களுக்கு ஒரு கஷ்டம் என்றால் அவளிடம் போங்கள். நல்ல வார்த்தை வராவிட்டால் திட்டியாவது கேளுங்கள். அவளுக்குக் காது நன்றாகவே கேட்கிறது.