மாப்பிள்ளைக் காருக்கு இறைப்பு மிசின் தாங்கி

என் கலியாணத்துக்கு மாமனார் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். மாப்பிள்ளை காரில் வரவேண்டும். அவருடைய மூத்த மகளின் மாப்பிள்ளை, பெட்ரோல் தாராளமாகக் கிடைத்த நாளில், காரில் வந்து இறங்கியவர். இளையவளுக்கு ஒருவன் சைக்கிளில் வந்தால் அவர்களுடைய ஊரான புத்தூர் முழுக்க அவளை ஒரு படி இறக்கிப் பேசும் என்று அவருக்குப் பயம். நியாயமான பயம்தான். ஆனால் தொண்ணூறில் யுத்தத் தடை வந்த பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெட்ரோல் வருவது நின்றுவிட்டது. டொக்டர்மாரே சைக்கிளில் போய் நாடி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கார் திருத்திற ஆளுக்குக் கார் இல்லாமலோ?" என்று அவர் தரகரிடம் சொல்லிவிட்டார். நெல்லியடியில் இருந்த என் கராஜில் அந்த வருடம் நான் திருத்தியவை பெரும்பாலும் மண்ணெண்ணெய் அடுப்புகள். இதை எடுத்துச் சொல்லியிருக்கலாம். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்க எனக்கு அப்போதும் வராது, இப்போதும் வராது. நான் பேசாமல் இருந்ததைத் தரகர் சம்மதம் என்று கொண்டுபோய்ச் சொன்னார். பெண் பார்க்கப் போனபோதும் அப்படித்தான். அவள் தேநீர் கொண்டுவந்தாள். நான் கோப்பையைப் பார்த்தேன்.

எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர் இருந்தார். வெள்ளைக்காரத் துரை ஒருவரிடமிருந்து எப்போதோ வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் அவரிடம் இருந்தது. சிவப்பு நிறம், மேல்மூடி இல்லை, தரையோடு தரையாகப் படுத்திருக்கும். வேகமாக ஓடுவதற்கென்றே செய்த அந்தக் கார் இரண்டு வருடமாகத் தென்னோலைக்குக் கீழே நின்றது. நான் போய்த் தயங்கி நின்றதும் அவரே கேட்டார்.

"கலியாணத்துக்குக் காரோ? தரலாம். ஆனால் நான்தான் ஓடுவன். ஸ்டீரிங்கிலை ஆரின்ரை கையும் படக்கூடாது. நீ மாப்பிள்ளையெண்டாலும் சரி, மண்ணாங்கட்டியெண்டாலும் சரி."

"ஓம் ஐயா."

காரின் எரிபொருள் தாங்கி பின்பக்கம் அடியில் இருந்தது. கறையான் தின்ற பலகை போல் துருப்பிடித்திருந்தது. அதிலிருந்து எண்ணெயை இழுத்துக் கொடுக்கும் மின்சாரப் பம்பும் செத்துப்போயிருந்தது. பற்றரியில் பொறிக்குப் போதுமான உயிர் மட்டும் மிச்சம். ஆகவே தாங்கியை மாற்றவேண்டும், இடத்தையும் மாற்றவேண்டும். எண்ணெய் தானாக வடிந்து இயந்திரத்துக்கு வரும்படி உயரமான ஓர் இடம்.

தாங்கியைத் தந்தவர் மாமனாரேதான். வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்த அவருடைய மிசின் இறுகிப்போய் ஓடாமல் கிடந்தது. அதன் தாங்கிக்குள் இரண்டு அறை. சின்ன அறையில் பெட்ரோல், பெரிய அறையில் மண்ணெண்ணெய். பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் திருகியைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். அந்த நாளில் எங்களுக்கு இதைவிட உயர்ந்த தாங்கி கிடையாது. ஆசனங்களுக்குப் பின்னால் இரும்புச் சட்டம் ஒன்று ஒட்டி, அதன்மேல் அதை ஏற்றி, செப்புக் குழாயைப் புகைபோக்கிக்குப் பக்கத்தால் கொண்டுபோனேன், மண்ணெண்ணெய் சூடாகிப் போகட்டும் என்று. வேலை முடிந்ததும் எட்ட நின்று பார்த்தேன். பச்சைத் தாங்கி, முன்னால் இருக்கப்போகும் இரண்டு பேருக்கும் மேலே தலை நீட்டிக்கொண்டிருந்தது. காரை ஓட்டுபவரைவிட அதற்குத்தான் மரியாதையான இடம்.

கலியாணத்தன்று காலை என் அக்கா காருக்கு மாவிலை கட்டினாள். விளக்குகளுக்கும் முன்கண்ணாடிக்கும் சந்தனம் வைத்தாள். பிறகு தாங்கியைப் பார்த்தாள்.

"உது மட்டும் ஏன் வெறும் நெத்தியோடை நிக்குது?"

இரண்டு மூடிகளின் நடுவிலும் தாராளமாகச் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமமும் வைத்தாள். எனக்கும் அது வடிவாகத்தான் தெரிந்தது.

"தம்பி, ஏறின பிறகு பொம்பிளை வீட்டு வாசலிலைதான் கால் நிலத்திலை படவேணும். இடையிலை இறங்கிப்போடாதை," என்றாள்.

டயருக்குக் கீழே வைத்த தேசிக்காயை நசித்துக்கொண்டு கார் புறப்பட்டது. மண்ணெண்ணெய்க்கு மாறியதும் பின்னால் வெள்ளைப் புகை. நான் தலைப்பாகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்து இருந்தேன். மேல்மூடி இல்லாத காரில் கூச்சக்காரனுக்கு ஒளிய இடம் கிடையாது.

வல்லை வெளியின் நடுவில், காற்றைத் தவிர வேறெதுவும் இல்லாத இடத்தில், இயந்திரம் இருமி நின்றது. பெட்ரோலுக்கு மாற்றிப் பார்த்தோம். பின்னால் சைக்கிளில் வந்த எங்கள் ஆட்கள் மூன்று பேர் இறங்கித் தள்ளினார்கள். கொஞ்சத் தூரம் ஓடி மறுபடி நின்றது. முகூர்த்தத்துக்கு ஒரு மணித்தியாலம்கூட இல்லை. நில அளவையாளர் ஐயா இறங்கிப் பொனற் மூடியைத் திறந்து, வயலை அளப்பதுபோல் உள்ளே பார்த்தார். இயந்திரம் பற்றி அவருக்குத் தெரிந்தது அதன் நிறம் மட்டும்தான்.

சைக்கிள்கள் கூடிவிட்டன.

"பிளக்கைக் கழட்டிப் பாருங்கோ ஐயா."

"மாப்பிள்ளை மெக்கானிக்கெல்லோ? இறங்கிப் பாக்கட்டுமன்."

"மாப்பிள்ளை இடையிலை இறங்கக்கூடாதடா."

"நல்ல கதை. கார் தெரிஞ்சவர் மேலை இருக்கிறார், தெரியாதவர் கீழை நிண்டு திருத்துறார்."

நான் ஐயாவிடம் மெல்லச் சொன்னேன், "குழாயைக் கழட்டிப் பாருங்கோ, எண்ணெய் வருதோ எண்டு." காற்றில் அவருக்குக் கேட்கவில்லை. சைக்கிள்காரர் ஒருவர் அதை உரத்த குரலில் மறுபடி சொன்னார். குழாயைக் கழற்றினார்கள். சொட்டுச் சொட்டாக வந்து அதுவும் நின்றது. தாங்கியிலோ முக்கால்வாசி எண்ணெய் இருந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒவ்வொரு மூடியின் நடுவிலும் ஊசித்துவாரம் ஒன்று உண்டு. எண்ணெய் கீழே இறங்கினால் காற்று அதன் வழியாக உள்ளே வரவேண்டும். அக்காவின் சந்தனம் காய்ந்து இரண்டு துவாரங்களையும் பூசிவிட்டது. வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் தாங்கிகளைத் திருத்தியவன், தன் கண்ணுக்கு முன்னால் அது நடப்பதைப் பார்த்து வடிவு என்று நினைத்திருக்கிறேன். ஆசனத்தில் முழங்காலிட்டுத் திரும்பி மூடிகளைத் திறந்தேன். 'உஸ்' என்று தாங்கி மூச்சு வாங்கியது. சால்வை நுனியால் சந்தனத்தைத் துடைத்து, துவாரங்களில் வாய் வைத்து ஊதினேன். கால் நிலத்தில் படவில்லை. அக்காவின் சொல்லையும் காப்பாற்றினேன், அக்காவிடமிருந்து காரையும் காப்பாற்றினேன்.

முகூர்த்தத்துக்குச் சற்று முன்னர் புத்தூர் வாசலில் போய் நின்றோம். எல்லோரும் கார் வந்துவிட்டது என்று முன்னுக்கு ஓடிவந்தார்கள். மாமனாரின் முகம் மலர்ந்து, அடுத்த கணம் உயரத்தில் நின்ற தாங்கியைக் கண்டு சுருங்கியது. பக்கத்துத் தோட்டக்காரர் தாங்கியைக் கூர்ந்து பார்த்தார்.

"உது உங்கடை இறைப்பு மிசின்ரை எல்லோ?"

"உது வெளிநாட்டுச் சாமான்," என்றார் மாமனார். அதில் பொய் ஒன்றும் இல்லை. மிசின் ஜப்பானிலிருந்து வந்ததுதான்.

தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, பெண்ணை அழைத்துக்கொண்டு புறப்படும் நேரம் வந்தது. ஐயா ஸ்டீரிங்குக்கு முன்னால் ஏறி இருந்தார். பக்கத்தில் ஒரே ஓர் ஆசனம். வாசலில் நாங்கள் இரண்டு பேர். தாங்கியை எங்கே வைப்பது என்று இரண்டு கிழமை யோசித்தவன் பெண்ணை எங்கே இருத்துவது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

"ஐயா, மாப்பிள்ளை ஓடட்டும். நீங்கள் சைக்கிளிலை..." என்று மாமனார் தொடங்கினார்.

"ஸ்டீரிங்கைப் பற்றி நான் முதலே கதைச்சிட்டன்," என்றார் ஐயா.

"அப்ப பிள்ளை காரிலை வரட்டும். மாப்பிள்ளை பின்னாலை வரலாம்."

அவ்வளவு நேரமும் குனிந்து நின்றவள் நிமிர்ந்தாள். "அவர் எதிலை போறாரோ அதிலை நானும் வாறன். நான் சைக்கிள் எண்டாலும் ஓமெண்டுதான் இருந்தனான். என்னை ஆர் கேட்டவை?"

மாமனார் நிலத்தைப் பார்த்தார். அவளுடைய தம்பி சைக்கிளைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தினான். அவள் கூறைச் சேலையைக் கூட்டிப் பிடித்துக் கரியரில் ஏறினாள்.

மாவிலை கட்டிய கார் வெறும் ஆசனத்தோடு எங்களுக்கு முன்னால் போனது. அதன் புகை முழுவதும் எங்கள் மேல். நான் ஏதாவது பேசவேண்டும் என்று நினைத்தபடியே மிதித்தேன். அவள்தான் முதலில் பேசினாள்.

"மெல்லமாய் ஓடுங்கோ. அது தூரப் போகட்டும்."